அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஊர்ப் படைகளும் வெண்கலப் பதக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைப் பட்டாளத்துக்காரர்கள் அல்லர். சுரங்கத்திலும் வயலிலும் அச்சுக்கூடத்திலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஊர் ஊராகத் திரண்டு போனவர்கள். போர் முடிந்த பிறகு சில மாநிலங்கள் அவர்களுக்கு வெண்கலத்தில் பதக்கம் அடித்துக் கொடுத்தன. இந்தப் பதக்கங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பதக்கத்தின் அழகைவிட, அதில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்பதுதான் என்னை இழுக்கிற விஷயம். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

மிலிஷியா என்றால் என்ன? அதுவும் ராணுவமும் ஒன்றா?

ஒன்றல்ல. 1861 தொடக்கத்தில் அமெரிக்காவின் நிரந்தர ராணுவத்தில் சுமார் 16,000 பேர்தான் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் மேற்கே தொலைதூரக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். இதற்கு வெளியே, அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் இயங்கிய ஊர்ப் படைகள் இருந்தன. இவற்றைத்தான் மிலிஷியா என்றார்கள். ஓர் ஊரின் இளைஞர்கள் ஒன்றுகூடி கம்பெனி என்ற சிறு படைப்பிரிவை அமைப்பார்கள். தங்களுக்கென்று ஒரு பெயர், ஒரு சீருடை வைத்துக்கொள்வார்கள். தலைவரைப் பெரும்பாலும் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற நாட்களில் அவரவர் வேலை அவரவருக்கு.

போர் நீண்டபோது, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கூட்டரசுக்காக, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்த வாஷிங்டன் அரசுக்காக, திரட்டப்பட்ட ரெஜிமெண்டுகள் (பல கம்பெனிகள் சேர்ந்த படைகள்) வந்தன. அவர்களைத் தன்னார்வலர்கள் என்றே அழைத்தார்கள். சட்டப்படி இவர்கள் மிலிஷியா இல்லை. ஆனால் அவர்களும் ஊர் ஊராகத்தான் சேர்ந்தார்கள். ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். அதனால் ஒரு மோசமான நாளில் ஒரே ஊரில் பல வீடுகளில் இழவு விழும்.

இந்தப் பதக்கங்களைக் கூட்டரசு ஏன் கொடுக்கவில்லை?

போரில் பங்கெடுத்த எல்லோருக்கும் பதக்கம் என்ற வழக்கமே அன்றைக்கு அமெரிக்காவில் இல்லை. பதக்கம் என்பது ஐரோப்பிய மன்னராட்சியின் பழக்கம் என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருந்தது. ராணுவம் உள்நாட்டுப் போருக்கென்று ஒரு பொதுப் பதக்கத்தை அறிவித்தது 1907இல்தான். அப்போது போர் முடிந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாநிலங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஒஹாயோவும் மேற்கு வர்ஜீனியாவும் 1866லேயே ஏற்பாடு செய்துவிட்டன. பென்சில்வேனியா 1891இலும் மாசசூசெட்ஸ் 1902இலும் தங்கள் முதல் படைகளைத் தனியாகக் கௌரவித்தன. இது இயல்பானது என்றே நினைக்கிறேன். ஆளை அனுப்பியது ஊரும் மாநிலமும். பெயர்ப் பட்டியலும் அவர்கள் கையில்தான் இருந்தது.

பென்சில்வேனியாவின் 'முதல் காவலர்கள்' யார்?

1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்ட்டர் கோட்டை மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று குடியரசுத் தலைவர் லிங்கன் 75,000 மிலிஷியா வீரர்கள் வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டார். மூன்று மாதச் சேவை. தலைநகர் வாஷிங்டனைக் காக்க அப்போது போதிய படை இல்லை. சுற்றிலும் இருந்த மேரிலாந்து எந்தப் பக்கம் சாயும் என்றும் தெரியவில்லை.

முதலில் வந்து சேர்ந்தவை பென்சில்வேனியாவின் ஐந்து ஊர்ப் படைகள். இவர்கள்தான் 'முதல் காவலர்கள்'. ரெடிங் ஊரின் ரிங்கோல்ட் பீரங்கிப் படை, லூயிஸ்டவுனின் லோகன் கார்ட்ஸ், ஆலன்டவுனின் ஆலன் படை, பாட்ஸ்வில்லிலிருந்து வாஷிங்டன் பீரங்கிப் படை, அதே ஊரின் நேஷனல் லைட் இன்ஃபன்ட்ரி. பாட்ஸ்வில் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. பெயரில் பீரங்கி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். ஏப்ரல் 18 அன்று ஹாரிஸ்பர்க்கிலிருந்து ரயில் ஏறியபோது அவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஒழுங்கான துப்பாக்கிகூடக் கிடையாது.

பால்டிமோரில் ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, நகருக்குள் நடந்துபோய் இன்னொரு நிலையத்தில் ஏற வேண்டும். அந்த நகரத்தில் தெற்கின் ஆதரவாளர்கள் நிறைய. வழி நெடுக வசவும் செங்கல்லும் பாட்டிலும் பறந்தன. அடி வாங்கிக்கொண்டே நடந்து, அன்று மாலையே வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலிலேயே தங்க வைக்கப்பட்டார்கள்.

1861 ஜூலை 22 அன்று பிரதிநிதிகள் சபை, பால்டிமோர் கும்பலைக் கடந்து தலைநகரைக் காக்க வந்த 530 பென்சில்வேனிய வீரர்களுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. பதக்கம் வந்தது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து. பல பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

அன்று முதலில் ரத்தம் சிந்தியவருக்குப் பதக்கம் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. அவர் பெயர் நிக்கலஸ் பிடில். டெலவேரில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பாட்ஸ்வில்லில் வாழ்ந்த கறுப்பினத்தவர். வாஷிங்டன் பீரங்கிப் படையின் கேப்டன் ஜேம்ஸ் ரெனுக்கு உதவியாளராக, அதே சீருடையில் படையோடு போனார். அப்போது அவருக்கு வயது சுமார் 65. பால்டிமோரில் கும்பலின் கண் முதலில் அவர்மேல்தான் விழுந்தது. சீருடை அணிந்த ஒரு கறுப்பர் என்பதே அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது. எறியப்பட்ட செங்கல் முகத்தில் பட்டு எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். நடை நிற்கவில்லை. அவரும் சேர்ந்தே வாஷிங்டன் போனார்.

அவர் பெயர் ஏன் பட்டியலில் இல்லை? 1792ஆம் ஆண்டின் மிலிஷியாச் சட்டம் வெள்ளை இன ஆண்களை மட்டுமே படையில் சேர்க்கச் சொன்னது. அந்தச் சட்டம் 1862இல்தான் மாறியது. அதனால் பிடில் எத்தனை ஆண்டு படையோடு இருந்திருந்தாலும் பதிவேட்டில் வீரர் இல்லை. பதிவேட்டில் இல்லாதவருக்கு ஓய்வூதியமும் இல்லை. அவருடைய படம் அச்சிட்ட அட்டைகள், போரில் காயப்பட்ட முதல் மனிதர் என்ற வாசகத்தோடு விற்கப்பட்டன. அவரோ 1876இல் கையில் காசில்லாமல் இறந்தார். பாட்ஸ்வில் படைகளில் எஞ்சியிருந்தவர்கள் ஆளுக்கு 1 டாலர் போட்டுக் கல்லறைக் கல் வைத்தார்கள். இந்தப் போரில் முதல் ரத்தம் சிந்திய பெருமை இவருடையது என்று அந்தக் கல்லில் பொறித்திருந்தார்கள். கூட நடந்தவர்களுக்கு யார் தங்களோடு இருந்தார் என்பது தெரிந்திருந்தது. அரசாங்கத்தின் பட்டியலுக்குத் தெரியவில்லை. முதல் காவலர் பதக்கத்தைப் பற்றிப் பேசும் யாரும் பிடிலைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மாசசூசெட்ஸ் பதக்கத்தில் வரும் 'மினிட் மென்' என்ற பெயர் எதற்கு?

1775இல் ஆங்கிலேயருக்கு எதிராக லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் நின்ற ஊர்ப் படையினரை மினிட் மென் என்பார்கள். ஒரு நிமிட அழைப்பில் கிளம்பி வருபவர்கள் என்று அர்த்தம். அந்தச் சண்டை நடந்தது ஏப்ரல் 19. மாசசூசெட்ஸின் 6ஆவது ரெஜிமெண்ட் பால்டிமோரில் தாக்கப்பட்டதும் 1861 ஏப்ரல் 19. பென்சில்வேனியர்கள் அதே நகரைக் கடந்த மறுநாள். இந்த முறை கல்லோடு நிற்கவில்லை, துப்பாக்கியும் வெடித்தது. 4 வீரர்களும் 12 பொதுமக்களும் இறந்தார்கள். தேதி ஒத்துப்போனதை அந்த மாநிலத்தார் மறக்கவே இல்லை. லிங்கனின் முதல் அழைப்புக்குப் போனவர்களுக்கெல்லாம் '61இன் மினிட் மென்' என்ற பெயரையே 1902 பதக்கத்துக்கும் வைத்தார்கள்.

ஒஹாயோ பதக்கத்தில் 'வெட்டரன்' என்று இருக்கிறதே, அது முன்னாள் வீரர் என்ற பொருளிலா?

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இன்று அந்தச் சொல்லுக்கு முன்னாள் வீரர் என்று பொருள். 1863இன் கடைசியில் 'வெட்டரன் வாலண்டியர்' என்றால், ஏற்கெனவே ஒரு சேவைக் காலத்தை முடிக்கும் நிலையில் இருந்து, மறுபடியும் மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டவர். முதல் முறை சேர்ந்தபோது போர் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது கையெழுத்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகு போட்டது. அதற்கு 30 நாள் விடுப்பும் 400 டாலர் ஊக்கத்தொகையும் உண்டு, உண்மைதான். ஆனாலும் அந்தக் கையெழுத்தின் கனம் வேறு. ஒஹாயோ மாநிலம் 1866இல் அப்படி மறுபடி சேர்ந்தவர்களுக்காக 20,000 வெண்கலப் பதக்கங்களுக்கு ஏற்பாடு செய்தது.

மேற்கு வர்ஜீனியாவின் பதக்கத்தில் மூன்று வகை ஏன்?

மேற்கு வர்ஜீனியா போரின் நடுவில் பிறந்த மாநிலம். வர்ஜீனியா கூட்டரசை விட்டுப் பிரிந்தபோது, அதன் மலைப்பகுதி மாவட்டங்கள் அதிலிருந்து பிரிந்து 1863 ஜூன் 20 அன்று தனி மாநிலமாயின. அங்கே ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் போன கதைகள் சாதாரணம். கூட்டரசின் பக்கம் நின்றவர்களுக்கு நன்றி சொல்ல அந்தப் புது மாநிலத்துக்குத் தனிக் காரணம் இருந்தது. 1866 பிப்ரவரி 1 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சுமார் 26,000 பதக்கங்கள் அடிக்கப்பட்டன.

மூன்று வகையையும் பதக்கத்தின் மேலே உள்ள ஊசிப் பட்டையில் இருக்கும் வாசகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கௌரவமாகப் பணி முடித்து வந்தவர்களுக்கு ஒன்று, பெரும்பாலானவை இந்த வகை. போர்க்களத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு ஒன்று. காயத்தாலோ நோயாலோ பிறகு இறந்தவர்களுக்கு மூன்றாவது, அதில் 'விடுதலைக்காக' என்ற வாசகம் இருக்கும்.

மூன்றாவது வகையை நினைத்துப் பாருங்கள். இந்தப் போரில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் டைஃபாய்டிலும் அம்மையிலும் செத்தவர்கள்தான் அதிகம். முகாமில் படுத்த படுக்கையாகக் கிடந்து போன பையனைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு தாய் தவித்திருக்கலாம். அவன் மரணத்துக்கும் ஒரு பதக்கம், அதில் ஒரு நல்ல சொல் என்று யோசித்த சட்டமன்றத்தை நான் மதிக்கிறேன்.

இன்னொன்று, இந்தப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயரும் ரெஜிமெண்டும் பொறிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரே ஒருவருக்கானது. முன்பக்கத்து உருவத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடாதீர்கள். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பதக்கத்தில் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

மெய்ன் மாநிலத்தின் 864 பதக்கக் கதை உண்மையா?

உண்மைதான். இது மாநிலப் பதக்கம் அல்ல, வீரச் செயலுக்காகக் கூட்டரசு கொடுக்கும் மெடல் ஆஃப் ஹானர். ராணுவத்துக்கு 1862இல் ஏற்படுத்தப்பட்டது, அதுவும் வெண்கலம்தான்.

27ஆவது மெய்ன் ரெஜிமெண்ட் ஒன்பது மாதச் சேவைக்காகச் சேர்ந்த தன்னார்வலர்களின் படை. வாஷிங்டனைச் சுற்றியுள்ள காவல் வேலையிலேயே அவர்களுடைய காலம் போனது, சண்டை எதையும் பார்க்கவில்லை. 1863 ஜூன் கடைசியில் ஊருக்குப் போகும் நாள் வந்தது. அதே நேரத்தில் தெற்கின் தளபதி லீ பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டார். இன்னும் சில நாள் இருங்கள், தலைநகர் ஆபத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். சுமார் 300 பேர் தங்கினார்கள். மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கெட்டிஸ்பர்க் சண்டை ஜூலை 3 அன்று முடிந்தது. ஆபத்து விலகியதும் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

இருந்தவர்களுக்குப் பதக்கம் என்று போர்த்துறை வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் யார் இருந்தார், யார் போனார் என்று சரியான பட்டியல் இல்லை. கடைசியில் ரெஜிமெண்டின் 864 பேருக்கும் பெயர் பொறித்துப் பதக்கம் அடித்து அனுப்பிவிட்டார்கள். அவை கர்னல் மார்க் வென்ட்வொர்த்திடம் வந்து சேர்ந்தன. அவர் எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிடவில்லை. தங்கினவர்கள் என்று தனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் குதிரை லாயத்தில் வைத்துப் பூட்டினார். 1917இல் ஜெனரல் நெல்சன் மைல்ஸ் தலைமையிலான குழு பழைய விருதுகளை எல்லாம் ஆராய்ந்து 911 பெயர்களை நீக்கியது. அதில் 864 பெயர்கள் இந்தப் படையுடையவை. தங்கினவரும் போனவரும் சேர்ந்தே நீக்கப்பட்டார்கள்.

நீக்கியது சரிதான், அந்தப் பதக்கம் வீரச் செயலுக்கானது. ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்ற பிறகும் நின்ற அந்த 300 பேருக்கு வேறு ஏதாவது ஒரு சின்ன வெண்கல வில்லை கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

தெற்குப் பக்கத்து ஊர்ப் படைகளுக்குப் பதக்கம் இருந்ததா?

போர்க்காலத்தில் கொடுக்கப்பட்டதாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். 1863 செப்டம்பர் 8 அன்று டெக்சஸின் சபைன் பாஸ் சண்டையில் நின்ற டேவிஸ் கார்ட்ஸ் என்ற சிறு படைக்குக் கிடைத்தது. அது வெள்ளி. நாணயத்தை வழவழவென்று தேய்த்து, அதன்மேல் கையால் எழுத்துச் செதுக்கியது. 1900 முதல் ஒரு மகளிர் சங்கம் தெற்கின் முன்னாள் வீரர்களுக்கு வெண்கலச் சிலுவைப் பதக்கம் வழங்கியது. அரசாங்கம் கொடுத்ததல்ல.

எல்லாம் ஏன் வெண்கலம்? எப்படிச் செய்தார்கள்?

முதல் காரணம் செலவு. 26,000 பேருக்கு வெள்ளியில் கொடுக்கப் புதிதாகப் பிறந்த ஒரு மாநிலத்தால் முடியாது. இரண்டாவது, வெள்ளியும் தங்கமும் கஷ்டகாலத்தில் உருக்கி விற்கப்பட்டுவிடும். வெண்கலத்தை உருக்கினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அதனால் பதக்கம் பிழைத்துக்கொள்ளும். பீரங்கிக் குழல் வார்த்ததும் வெண்கலத்தில்தான். கூட்டரசுப் பக்கத்து முன்னாள் வீரர்களின் பெரிய சங்கமான கிராண்ட் ஆர்மி, பிடிபட்ட பீரங்கிகளின் உலோகத்திலேயே தன் உறுப்பினர் பதக்கத்தைச் செய்தது.

செம்போடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வட்டமாக வெட்டிய தகட்டை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். ஓர் அடியில் உருவம் முழுதாக எழும்பாது. அடி வாங்க வாங்க உலோகம் இறுகிப்போகும். உலையில் சூடாக்கி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். அப்புறம் ரசாயனத்தால் பழுப்பு நிறம் ஏற்றுவார்கள்.

அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

போலிகளில் பல, அசலை வைத்து வார்ப்பெடுத்தவை. வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் நகல் நூலளவு சிறியதாக இருக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் பொடிப்பொடிக் குழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு இருக்கலாம்.

இதைவிட மோசமானது, அசல் பதக்கத்தின் விளிம்பை ராவிவிட்டு வேறு பெயரைப் பொறிப்பது. சாதாரண வீரரின் பெயரை எடுத்துவிட்டுப் புகழ்பெற்ற ரெஜிமெண்டின் பெயரைப் போட்டால் விலை ஏறும் என்பதற்காகச் செய்கிறார்கள். கையில் இருக்கும் பதக்கத்தின் விட்டத்தையும் எடையையும் சந்தேகமில்லாத இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். பெயரை அந்த ரெஜிமெண்டின் பட்டியலில் தேடுங்கள். பெயர் அங்கே இல்லாவிட்டால் வாங்கும் அவசரத்தை விடுங்கள்.

பளபளப்பாக்கலாமா?

கூடாது. பாத்திரம் துலக்குவது போலத் துலக்கினால் நூற்றாண்டுப் பழுப்பு ஒரே நிமிடத்தில் போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. விளிம்பு எழுத்தும் தேயும். வழவழப்பான கரும்பச்சை இருந்தால் பயமில்லை. வெளிர்பச்சையில் தூள்தூளாக உதிரும் களிம்பு என்றால் அது வேறு. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்கின்றன. உடனே ஈரமில்லாத இடத்துக்கு மாற்றி, உலோகப் பொருள் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிவிசி உறையில் வைக்காதீர்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் அதைக் கழற்றி வீசாதீர்கள்.

இவற்றை வாங்கலாமா, விற்கலாமா?

மெடல் ஆஃப் ஹானரை விற்பதும் வாங்குவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். மேலே சொன்ன மாநிலப் பதக்கங்கள் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பதக்கத்தோடு வந்த கடிதத்தையோ பணிவிடுவிப்புச் சான்றிதழையோ தனியாகப் பிரித்து விற்காதீர்கள்.

விளிம்பில் இருக்கும் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தன்னார்வ வீரர்களின் பணிப் பதிவுகள் ரெஜிமெண்ட் வாரியாக இருக்கின்றன. ஆனால் ஓய்வூதியக் கோப்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கணவனுக்கு ஓய்வூதியம் கேட்ட விதவை திருமணத்தை நிரூபிக்க வேண்டும், பிள்ளைகளின் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும், அண்டை வீட்டாரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். ஒரு ஊரின் வாழ்க்கையே அந்தக் காகிதங்களில் இருக்கும்.

வாங்கப்படாத பதக்கங்கள் இன்னும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. மேற்கு வர்ஜீனியா 1866இல் அடித்தவற்றில் சில ஆயிரம் பதக்கங்கள் உரியவர் கைக்குப் போகவே இல்லை. சிலர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள், சிலருக்கு இப்படி ஒன்று அடிக்கப்பட்ட செய்தியே எட்டவில்லை. அவை சார்ல்ஸ்டன் நகரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெயர்ப் பட்டியலும் உண்டு. அந்த வீரரின் வழித்தோன்றல் என்று பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளால் தலைமுறை தலைமுறையாக நிரூபித்தால் பதக்கத்தைக் கொடுத்துவிடுவார்கள். பட்டியலைத் தேடும்போது பெயரின் எழுத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். படையில் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். குடும்பப் பைபிளில் ஒரு மாதிரியும் விளிம்பில் வேறு மாதிரியும் இருப்பது சகஜம்.